அன்று ஷின்சான் பக்கம், இன்று அப்பா பக்கம்

நோஹாரா ஹிரோஷிக்கு வயது 35. டோக்கியோவுக்கு வடக்கே கசுகாபே என்ற ஊரில் கடன் வாங்கி வீடு கட்டியிருக்கிறார். அந்தக் கடன் தீர இன்னும் 32 ஆண்டு பாக்கி. காலையில் நெரிசலான ரயிலைப் பிடித்துத் தலைநகருக்கு வேலைக்குப் போகிறார். இரவு களைத்துப்போய்த் திரும்பினால், ஐந்து வயது மகன் அவருடைய காலுறை நாற்றத்தைச் சொல்லி வீட்டையே சிரிக்க வைக்கிறான். மனைவி மிசேக்கு வயது 29. கைக்குழந்தையை ஒரு கையிலும் குடும்பக் கணக்கை மறுகையிலும் வைத்துக்கொண்டு, மூத்தவனைத் துரத்துவதிலேயே அவருக்குப் பாதிப் பொழுது போய்விடுகிறது. இந்தியத் தொலைக்காட்சியில் இவர்கள் ஹாரி, மிட்சி. இவர்கள் பெற்ற பிள்ளைதான் ஜப்பானியக் கார்ட்டூன் நாயகன் ஷின்சான்.

2006ஆம் ஆண்டு ஹங்காமா தொலைக்காட்சி வழியாக ஷின்சான் இந்தியாவுக்கு வந்தான். தமிழிலும் பேசினான். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் புத்தகப்பையைக் கழற்றாமலே தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார்கள். அவன் பேச்சைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோர்கள் புகார் எழுப்ப, 2008இல் ஒளிபரப்பு சில காலம் நின்றது. பிறகு கத்தரி போட்ட வடிவில் திரும்பி வந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால், 2006இல் பத்து வயதில் ஷின்சானைப் பார்த்துச் சிரித்தவருக்கு 2025இல் 29 வயது. அதாவது, மிசேயின் வயது.

பெங்களூரில் இந்தத் தலைமுறையைத் தேடி அலைய வேண்டியதில்லை. எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் அவுட்டர் ரிங் ரோடு ஓரத்து அலுவலகங்களிலும் வேலை பார்க்கும் இளைஞர்களில் பலர் இந்த வயதினர். 2023ஆம் ஆண்டுக்கான டாம்டாம் போக்குவரத்துக் கணக்கீட்டின்படி, இந்த நகரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டரைக் காரில் கடக்கச் சராசரியாக 28 நிமிடம் 10 விநாடி ஆனது. சில்க் போர்டு சந்திப்பில் நின்று நகர்ந்து, நின்று நகர்ந்து வீடு சேர்ந்த ஒருவர், சோறு ஆறுவதற்குள் கைபேசியில் ஒரு பழைய ஷின்சான் அத்தியாயத்தை ஓட விடுகிறார். படம் அதேதான். வசனமும் அதேதான். ஆனால், இம்முறை கண் போவது ஷின்சான்மீது அல்ல. கதவருகே குனிந்து காலணியைக் கழற்றும் ஹிரோஷியின்மீது.

அன்று அந்த மனிதர் அங்கே இருந்ததே நினைவில் இல்லை. இன்று அவரைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. இந்த மாற்றத்துக்கு மூளை ஆய்வாளர்களும் உளவியலாளர்களும் வெவ்வேறு வழிகளில் விடை தேடியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்திய கருவியே கார்ட்டூன் படம்தான்.

வீடு வாங்க வந்தவரும் திருட வந்தவரும்

1978இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஆண்டர்சனும் ஜேம்ஸ் பிச்சர்ட்டும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பள்ளிக்கு மட்டம் போட்ட இரண்டு சிறுவர்கள், அவர்களில் ஒருவனுடைய வீட்டுக்குப் போய்ப் பொழுதைக் கழிக்கும் சின்னக் கதை அது. ஒழுகும் கூரை, நாணயச் சேகரிப்பு, தொலைக்காட்சிப் பெட்டி என்று வீட்டைப் பற்றிய விவரங்கள் கதை நெடுகக் கிடக்கும். படிப்பவர்களில் ஒரு பகுதியினரிடம் ‘இதை வீடு வாங்க வந்தவராகப் படியுங்கள்’ என்றார்கள். மற்றவர்களிடம் ‘திருட வந்தவராகப் படியுங்கள்’ என்றார்கள். வாங்க வந்தவருக்குக் கூரை ஒழுகுவது நினைவில் நின்றது. திருட வந்தவருக்கு நாணயங்கள் நின்றன.

வியப்பு அடுத்த கட்டத்தில்தான் வந்தது. நினைவிலிருந்ததை எல்லாம் எழுதி முடித்தவர்களிடம், ‘இப்போது மற்றவருடைய இடத்தில் நின்று மறுபடி நினைத்துப் பாருங்கள்’ என்றார்கள். கதையைத் திரும்பக் காட்டவில்லை. ஆனாலும், முதல்முறை எழுதாத விவரங்கள் சிலருக்கு நினைவுக்கு வந்தன. அவர்கள் அதை மறந்துவிடவில்லை. மனத்தில் பதிந்துதான் இருந்தது. தேடி எடுக்க ஒரு காரணம் இல்லாமல் கிடந்தது. பார்வை மாறியதும் காரணம் கிடைத்தது.

பத்து வயதில் ஷின்சானைப் பார்த்தவர் எல்லாவற்றையும் பிள்ளையின் இடத்திலிருந்தே பார்த்தார். அப்பா என்பவர் கதவைத் திறந்து வருகிற, சில நேரம் பொம்மை வாங்கித் தருகிற, பல நேரம் தூங்குகிற ஆள். தள்ளுபடி விற்பனைக்கு மிசே ஓடுவது வேடிக்கை. இன்று அதே பார்வையாளருக்கு வாடகை முன்பணம், வீட்டுக்கடன் தவணை, மாதக்கடைசி எல்லாம் தெரியும். ஆண்டர்சனும் பிச்சர்ட்டும் ஒரே ஒரு வாக்கியத்தால் மாற்றிய பார்வையை, இங்கே இருபது ஆண்டு வாழ்க்கை மாற்றியிருக்கிறது.

இன்னொரு உண்மையும் இதில் உண்டு. யோஷிடோ உசுய் 1990இல் ஷின்சானை வரையத் தொடங்கியது சிறுவர் இதழில் அல்ல. ‘மங்கா ஆக்‌ஷன்’ என்ற, வளர்ந்த ஆண்கள் படிக்கும் வார இதழில். 1992இல் தொலைக்காட்சித் தொடரான பிறகுதான் அது வீட்டுப் பிள்ளைகளின் சொத்தானது. ஹிரோஷியின் கடனும் மிசேயின் அலுப்பும் கதையில் பிற்பாடு முளைத்தவை அல்ல. முதலிலிருந்தே பெரியவர்களுக்காக எழுதப்பட்ட அடுக்கு அது. தமிழ்ப் பிள்ளைகள் மேலடுக்கைப் பார்த்து வளர்ந்தார்கள். கீழடுக்கு அவர்களுக்காகக் காத்திருந்தது.

மூன்று வயதில் தொடங்கும் வேலை

பார்வையை மாற்றுவது வாழ்க்கை மட்டுமல்ல, மூளையின் வளர்ச்சியும்தான். பெங்களூர் ஹொசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனை வளாகத்தில் ஒரு மூளை அருங்காட்சியகம் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் பார்த்துவிட்டு வருவதோடு அங்கே முடிவதில்லை. பதப்படுத்திய உண்மையான மனித மூளையைக் கையில் ஏந்தியும் பார்க்கலாம். ஏறத்தாழ 1.3 கிலோ எடை. ஆறு வயதுக்குள்ளேயே பிள்ளையின் மூளை, அளவில் வளர்ந்தவர் மூளையை நெருங்கிவிடுகிறது. ஆனால், அளவு கிட்டத்தட்ட முடிந்த பிறகுதான் உள்ளே நீண்ட வேலை நடக்கிறது. தேவைப்படாத இணைப்புகள் கழிக்கப்படுகின்றன. தேவையானவற்றுக்கு உறை பூசப்பட்டு அவற்றின் வேகம் கூடுகிறது. திட்டமிடுதல், தன்னடக்கம், விளைவை எண்ணிப் பார்த்தல் ஆகியவற்றுக்குத் துணைநிற்கும் முன்மூளைப் புறணியில் இந்த வேலை இருபதுகளின் நடுப்பகுதிவரை தொடர்கிறது.

மூளையின் வளர்ச்சியில் ஒரு பகுதியைக் கார்ட்டூன் காட்டியே அளந்தார்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் ஹிலரி ரிச்சர்ட்சன், ரெபெக்கா சாக்ஸ் குழுவினர் 3 முதல் 12 வயதுவரையிலான 122 பிள்ளைகளையும் 33 பெரியவர்களையும் எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்க வைத்து, பிக்ஸார் நிறுவனம் 2009இல் வெளியிட்ட ‘பார்ட்லி கிளவுடி’ என்ற வசனமில்லாத குறும்படத்தைக் காட்டினார்கள். மேகங்கள் குட்டிகளைப் படைக்கும். நாரைகள் அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒரு கரிய மேகம் மட்டும் முதலைக்குட்டி, முள்ளம்பன்றிக்குட்டி என்றே படைக்கும். அதற்கு வாய்த்த நாரை கடியும் குத்தும் வாங்கும். ஒரு கட்டத்தில் நாரை வேறொரு மேகத்தை நோக்கிப் பறக்க, தன்னை விட்டுப் போய்விட்டது என்று கரிய மேகம் உடைந்துபோகும். நாரையோ தலைக்கவசம் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்.

இந்தப் படத்தில் இரண்டு வகைக் காட்சிகள் உண்டு. உடல் வலி தெரியும் காட்சிகள் ஒன்று. மனத்தில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்க வேண்டிய காட்சிகள் மற்றொன்று. வலியைக் கண்டால் தூண்டப்படும் மூளைப் பகுதிகளும், பிறர் மனத்தை ஊகிக்கும்போது தூண்டப்படும் பகுதிகளும் மூன்று வயதிலேயே தனித்தனியாகத் தெரிந்தன. வயது கூடக் கூட ஒவ்வொரு வலையமைப்பும் தனக்குள் ஒத்திசைந்து, மற்றதிலிருந்து இன்னும் தெளிவாகப் பிரிந்தது. 2018இல் இந்த முடிவுகள் வெளிவந்தன.

நாரை குத்து வாங்குவது எந்த வயதிலும் புரியும். ‘அது என்னைவிட்டுப் போய்விட்டது என்று மேகம் நினைக்கிறது, ஆனால், நாரை நினைப்பது வேறு’ என்று இரண்டு மனங்களை ஒரே நேரத்தில் ஏந்திப் பார்ப்பது பழகப் பழகத்தான் கைவரும். ஷின்சானில் மிசே மகன் தலையில் குட்டுவதைப் பார்த்துச் சிரிக்க அந்தப் பழக்கம் தேவையில்லை. குட்டிவிட்டு, அவன் தூங்கிய பிறகு மிசே என்ன நினைப்பார் என்பதை ஊகிக்கத் தேவை.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக

சிறு வயதில் பார்த்து மகிழ்ந்த படம் வளர்ந்த பிறகு கண்ணைக் கலங்க வைக்கிறது. மகிழ்ச்சி போய்த் துக்கம் வந்துவிட்டதா? இல்லை, இரண்டும் சேர்ந்தே வருகின்றன. அப்படிச் சேர்ந்து வரும் உணர்வை உணர்ந்து சொல்வதற்கே வயது வேண்டியிருக்கிறது என்பதையும் ஒரு கார்ட்டூன் படம்தான் காட்டிக்கொடுத்தது.

ஜெஃப் லார்சன், யென் டோ, கேரி ஃபயர்மன் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு டிஸ்னியின் ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ படத்திலிருந்து ஒரு காட்சியைக் காட்டினார்கள். கடலரசன் தன் மகளுக்கு விடைகொடுக்கும் காட்சி. மகள் விரும்பியவனை மணக்கிறாள். ஆனால், இனிக் கடலுக்குத் திரும்பமாட்டாள். அந்தத் தந்தைக்கு எப்படி இருக்கும், பார்க்கும் உனக்கு எப்படி இருந்தது என்று பிள்ளைகளைக் கேட்டார்கள். மகிழ்ச்சியும் வருத்தமும் ஒருசேர இருந்தன என்று சொல்லும் போக்கு, சின்னப் பிள்ளைகளைவிட மூத்த பிள்ளைகளிடம் கூடுதலாக இருந்தது.

பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும் வீட்டு வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கடலரசனின் முகம் விளக்கம் இல்லாமலே புரியும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது கல்யாணக் காட்சி. அவ்வளவுதான். அந்தப் பிள்ளை எதையும் தவறவிட்டதாகச் சொல்ல முடியாது. அதன் வயதுக்கு உரிய முழுக்கதையை அது பார்த்தது.

ஒரே ஒலி, இரண்டு கதை

பார்வை மாறினால் நினைவு மாறுகிறது என்று 1978இல் தெரிந்தது. பார்க்கும், கேட்கும் அந்த நேரத்திலேயே மூளையின் நடப்பு மாறுகிறதா என்பதைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஊரி ஹாசனின் ஆய்வுக்குழு தேடியது. 2004இல் ஹாசனும் சகாக்களும் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி’ படத்தின் அரைமணி நேரப் பகுதியை ஐந்து பேருக்கு எம்ஆர்ஐ கருவிக்குள் காட்டி, வெவ்வேறு மனிதர்களின் மூளைப் புறணியில் கணிசமான பகுதி ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதை முன்னரே கண்டிருந்தார்கள். நல்ல கதை பலரையும் சேர்த்து ஓர் அலையில் ஏற்றிவிடுகிறது.

2017இல் யாரா யெஷுருனும் ஹாசனும் சகாக்களும் அந்த அலையைப் பிரித்துப் பார்த்தார்கள். ஜே.டி. சாலிஞ்சரின் ஒரு சிறுகதை. இரவில் ஒருவன் நண்பனுக்குத் தொலைபேசியில் அழைத்து, தன் மனைவி வீடு திரும்பவில்லை என்று புலம்புகிறான். நண்பன் அருகில் ஒரு பெண் இருக்கிறாள். கேட்டவர்களில் ஒரு குழுவிடம், அந்தப் பெண் அழைத்தவனின் மனைவியேதான் என்று முன்கூட்டிச் சொன்னார்கள். மறு குழுவிடம், அழைத்தவன் காரணமில்லாமல் சந்தேகப்படுபவன், அருகில் இருப்பது நண்பனுடைய தோழி என்றார்கள். பிறகு இரு குழுவுக்கும் ஒரே ஒலிப்பதிவைப் போட்டார்கள். காதில் விழுந்த ஒலி ஒன்றே. ஆனால், கதையின் பொருளைத் தொகுக்கும் உயர்நிலைப் பகுதிகளில் ஒவ்வொரு குழுவும் தனக்குள் ஒத்துப்போய், மறு குழுவிலிருந்து விலகியது. எந்த மூளை எந்தக் கதையை நம்பிக் கேட்டது என்பதைப் பதிவை வைத்தே பிரித்தறிய முடிந்தது.

அனிமே எனப்படும் ஜப்பானியக் கார்ட்டூன் ஒன்றையே பத்து வயதிலும் முப்பது வயதிலும் பார்ப்பவர் இந்த இரண்டு குழுக்களுக்கும் உறவுக்காரர். ‘நருட்டோ’ தொடரில் ஊரே ஒதுக்கிவைத்த பன்னிரண்டு வயது அநாதைச் சிறுவனின் குறும்பும் வீம்பும் அன்று வீரமாகத் தெரிந்தன. இன்று பார்ப்பவருக்கோ, ஒரு குழந்தையைப் பார்த்து முகம் திருப்பிக்கொள்ளும் பெரியவர்கள் உறுத்துகிறார்கள். அவனுக்குள் அடைக்கப்பட்ட மிருகத்தால் தாய் தந்தையை இழந்தும், அவனைத் தம்பியாக ஏற்றுக்கொள்ளும் ஆசிரியர் இருகா உயர்ந்து நிற்கிறார். மசாஷி கிஷிமோட்டோ 1999இல் வரையத் தொடங்கிய கதையில் ஒரு கோடும் மாறவில்லை. பார்ப்பவருக்குத் தரப்பட்ட முன்குறிப்பு மாறியிருக்கிறது. அந்தக் குறிப்பை எழுதியது அவருடைய வாழ்க்கை.

எடுத்தால் இளகும் நினைவு

மறுபடி பார்க்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. பழைய நினைவு வெறுமனே எழுந்து வருவதில்லை; எழும்போது இளகுகிறது.

2000ஆம் ஆண்டு கரீம் நாதர், கிளென் ஷாஃப், ஜோசஃப் லெடூ ஆகியோர் எலிகளை வைத்துச் செய்த சோதனை நினைவைப் பற்றிய எண்ணத்தையே அசைத்தது. ஓர் ஒலியைக் கேட்டால் அஞ்ச வேண்டும் என்று எலிகளுக்குப் பழக்கினார்கள். அந்த நினைவு நன்றாக உறைந்த பிறகு, ஒலியை மறுபடி கேட்கச் செய்து, உடனே அமிக்டலா என்ற மூளைப் பகுதியில் புதிய புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். அடுத்த முறை ஒலி கேட்டபோது அச்சம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஒலியை நினைவூட்டாமல் மருந்தை மட்டும் கொடுத்த எலிகளில் நினைவு அப்படியே இருந்தது. உறைந்த நினைவு, வெளியே எடுக்கப்படும்போது சிறிது நேரம் மாறத்தக்க நிலைக்கு வருகிறது. மறுபடி உறையப் புதிய புரதம் தேவைப்படுகிறது. மனித நினைவில் இது எந்த அளவுக்கு, எந்தச் சூழலில் நடக்கிறது என்ற ஆய்வு இன்னும் தொடர்கிறது.

அமிக்டலாவைப் பற்றிய அறிவில் பெங்களூருக்கும் பங்கு உண்டு. இங்குள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு, நிம்ஹான்ஸைச் சேர்ந்த சங்கரநாராயண ராவுடன் இணைந்து 2002இல் ஒரு முடிவை வெளியிட்டது. நீடித்த மன அழுத்தத்துக்கு ஆளான எலிகளில், நிகழ்ச்சிகளின் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸின் நரம்புக் கிளைகள் சுருங்கின. உணர்ச்சிக்கு முக்கியமான அமிக்டலாவின் கிளைகளோ வளர்ந்து பெருத்தன. அழுத்தம் நீங்கி மூன்று வாரம் ஆன பிறகும் அமிக்டலாவின் வளர்ச்சி பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2004இல் அதே குழு காட்டியது. எலியின் அச்சம் வேறு, மனிதர் தம் பிள்ளைப் பருவப் படத்தின்மீது வைத்திருக்கும் பாசம் வேறு. ஆனாலும், நடந்ததன் விவரமும் அது தந்த உணர்ச்சியும் மூளையில் ஒரே இடத்தில், ஒரே விதியில் இயங்குவதில்லை என்பதை இந்தப் பணி துலக்கமாகக் காட்டுகிறது. கதை மறந்துபோன பிறகும் அதன் தலைப்புப் பாடல் கேட்டதும் மனம் பொங்குவதை இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

அப்பாவின் கால் வாசம்

ஷின்சான் படைப்பாளிகளே இந்த விஷயத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். கெய்ச்சி ஹாரா இயக்கி 2001 ஏப்ரலில் ஜப்பானில் வெளியான ஷின்சான் திரைப்படம் ஒன்றில், பழைய காலத்தைக் கண்முன் நிறுத்தும் ‘20ஆம் நூற்றாண்டு அருங்காட்சியகம்’ கசுகாபேக்கு வருகிறது. பெரியவர்கள் அதில் மயங்குகிறார்கள். கடந்த காலத்தின் வாசனையைப் பரப்பி, ஒரு கூட்டம் அவர்களைப் பிள்ளைகளாகவே மாற்றிவிடுகிறது. வேலை, சமையல், சொந்தப் பிள்ளைகள் எல்லாம் மறந்துபோகின்றன. ஹிரோஷி 1970 ஒசாகா கண்காட்சியில் நிலாக்கல்லைப் பார்க்க அடம்பிடிக்கும் சிறுவனாகிவிடுகிறார்.

அவரை மீட்பது ஷின்சான். அப்பாவின் கால் நாற்றத்தை அவரையே முகர வைக்கிறான். அடுத்த சில நிமிடங்களில் வசனமே இல்லாமல் ஒரு வாழ்க்கை ஓடுகிறது: தந்தையின் சைக்கிள் பின்னிருக்கை, காதல், அலுவலகத்தில் வாங்கிய திட்டு, திருமணம், மகன் பிறந்த நாள், இரவுகளில் வீடு திரும்பிய நடை. தொடர் முழுக்கச் சிரிக்க வைத்த நாற்றம், இங்கே ஒரு மனிதர் தம் குடும்பத்துக்காக நடந்த தூரத்தின் அடையாளமாகிறது. பிள்ளையாகப் பார்ப்பவர் இந்தக் காட்சியில் அந்த நாற்றத்தை நினைத்துச் சிரிப்பார். பெரியவராகப் பார்ப்பவரால் சிரிக்க முடியாது.

இதற்குக் கதாசிரியர் வாசனையைத் தேர்ந்தெடுத்தது அறிவியலுக்கும் பொருந்துகிறது. பார்த்ததும் கேட்டதும் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகவே மூளைப் புறணியைச் சேர்கின்றன. மணம் மட்டும் அந்த இடைநிலையத்துக்குக் காத்திராமல், அமிக்டலாவுக்கும் ஹிப்போகாம்பஸின் அண்டைப் பகுதிகளுக்கும் நேராகப் போகிறது. ஸ்வீடனில் யோஹான் வில்லாண்டரும் மரியா லார்சனும் முதியவர்களிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், சொற்களைக் கொடுத்து நினைவைத் தூண்டியபோது 11 முதல் 20 வயதுக்கால நினைவுகள் மிகுதியாக வந்தன; மணங்களைக் கொடுத்தபோது முதல் பத்து வயதின் நினைவுகள் மிகுதியாக வந்தன.

கம்பனோடு திரும்பிப் பார்த்த ராமாயணம்

மறுபார்வைக்கு இந்தியக் கதையிலிருந்து பிறந்த ஓர் எடுத்துக்காட்டு 2025 ஜனவரி 24 அன்று திரையரங்குகளுக்கு வந்தது. ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’. ஜப்பானியரான யூகோ சாகோ 1983இல் அகழாய்வு பற்றிய ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்து, ராமாயணத்தில் ஈர்க்கப்பட்டு, கோய்ச்சி சசாகியுடனும் இந்திய அனிமேஷன் முன்னோடி ராம் மோகனுடனும் சேர்ந்து இயக்கிய படம். ஏறத்தாழ 450 கலைஞர்கள் கையால் வரைந்தது, 135 நிமிடம். 1993இல் டெல்லியில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டாலும், பெரும்பாலான இந்தியப் பிள்ளைகள் இதைப் பிற்பாடு கார்ட்டூன் நெட்வொர்க்கில்தான் பார்த்தார்கள். 2025இல் 4கே தரத்தில் புதுப்பித்து, இந்தி, ஆங்கிலம், தெலுங்கோடு தமிழிலும் வெளியிட்டார்கள்.

அன்றைய வீட்டுத் தொலைக்காட்சி ஒரு படச்சட்டத்தை 576 கோடுகளில் காட்டியது. 4கே திரை 2160 கோடுகளில் காட்டுகிறது. ஆகவே, கைவரைந்த பின்னணியின் நுணுக்கம் பலருக்கு முதல்முறையாகவே கண்ணில் பட்டது. ஆனால், கூடுதல் தெளிவு திரையில் மட்டும் இல்லை.

கும்பகர்ணனை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு அவன் தூங்கும் மலை. எழுப்பினால் எல்லாவற்றையும் மிதிக்கும் பூதம். இடையில் பள்ளியிலோ கல்லூரியிலோ பட்டிமன்ற மேடை எதிரிலோ கம்பனின் கும்பகர்ணனைச் சந்தித்துவிட்ட தமிழர் அதே காட்சியைப் பார்க்கும்போது வேறொருவன் எழுகிறான். தவறு அண்ணனுடையது என்று தெரிந்தவன். போர்க்களத்தில் தம்பி வீடணன் வந்து இராமன் பக்கம் அழைத்தும், செஞ்சோற்றுக்கடனுக்காக மறுத்து, தோற்கும் அணியில் நின்று சாகிறவன். படத்தில் இல்லாத கம்பனைப் பார்வையாளர் படத்துக்குள் கொண்டுவருகிறார்.

மனித மனம் கதையை இப்படித்தான் கையாளும் என்று 1932இலேயே கேம்பிரிட்ஜின் ஃபிரெடெரிக் பார்ட்லெட் எழுதினார். அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை இங்கிலாந்து வாசகர்களுக்குக் கொடுத்து, காலம் கடத்தி மறுபடி சொல்லச் சொன்னார். ஓடம் படகாயிற்று, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று, புரியாத ஆவிகள் உதிர்ந்தன. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த உலகத்தை வைத்துக் கதையைத் திரும்பக் கட்டினார்கள். முப்பது வயதுக்காரரிடம் கட்டுவதற்கான பொருள் பத்து வயதுக்காரரிடம் இருந்ததைவிட மிகுதி.

சோம்பல் அல்ல

பார்த்ததையே பார்ப்பது நேரத்தைக் கொல்வது என்று வீட்டில் சொல்வார்கள். புதிதாக எதையும் எதிர்கொள்ளத் தெம்பில்லாதவரின் புகலிடம் என்று நினைப்பவரும் உண்டு. ஆய்வுகள் அதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. கிறிஸ்டல் ரஸ்ஸலும் சிட்னி லெவியும் அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் 23 பேரிடம் விரிவாகப் பேசி 2012இல் வெளியிட்ட ஆய்வில், படித்த நூலைத் திரும்பப் படிப்பவர்களும் பார்த்த படத்தைத் திரும்பப் பார்ப்பவர்களும் தம்மையே அளந்து பார்க்கிறார்கள் என்று கண்டார்கள். மாறாத ஒரு பொருளின் முன் நின்றால்தான் தாம் எவ்வளவு மாறியிருக்கிறோம் என்பது தெரியும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் எட் ஓ’பிரையன் 2019இல் வெளியிட்ட தொடர் சோதனைகளில், அருங்காட்சியகம், திரைப்படம் போன்றவற்றை இரண்டாம் முறை அனுபவித்தவர்கள், தாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக மகிழ்ந்தார்கள். முதல்முறை தவறவிட்டது எவ்வளவு என்பதை மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

2025இல் ஷின்சான் படங்கள் இந்தியத் திரையரங்குகளுக்கும் வந்தன. அவற்றில் ஒன்றின் கதைக்களமே இந்தியா. கசுகாபே பிள்ளைகள் இங்கே வந்து ஆடிப்பாடுகிறார்கள். இத்தகைய காட்சிகளுக்குப் பிள்ளையை அழைத்துப்போகும் பெற்றோரில் சிலர் 2006இல் தாமே பிள்ளைகளாக இருந்தவர்கள். ஒரே வரிசையில் இரு வேறு வயதின் பார்வைகள் அருகருகே அமரும் இந்த வாய்ப்பு முந்தைய தலைமுறைக்கு அரிது.

எம்ஆர்ஐ இல்லாமலே இதை வீட்டில் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. பல ஆண்டுகளாகத் திறக்காத ஓர் அனிமேயைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பார்ப்பதற்கு முன், நினைவிலிருக்கும் கதையை ஒரு தாளில் எழுத வேண்டும். அது முடிந்ததும், ஆண்டர்சன், பிச்சர்ட் முறைப்படி, அதே கதையை அப்பா, அம்மா அல்லது வில்லனின் இடத்தில் நின்று நினைத்துப் பார்த்து, புதிதாக வருவதை வேறு நிறத்தில் எழுத வேண்டும். அதன் பிறகே படத்தைப் பார்க்க வேண்டும். பார்த்து முடித்து இரண்டையும் ஒப்பிட்டால் மூன்று வகை வேறுபாடுகள் தெரியும்: நினைவு தானே சேர்த்துக்கொண்ட, படத்தில் இல்லாத காட்சிகள்; படத்தில் இருந்தும் அன்று பதியாத மனிதர்கள்; அன்று சிரித்து இன்று சிரிக்க முடியாத இடங்கள். எட்டு, பத்து வயதில் ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் அதையும் உடன் உட்கார வைத்து, படம் முடிந்ததும் தனியாக ஒரு தாளில் கதையை எழுதச் சொல்லலாம். அந்தத் தாளைத் தேதி போட்டு எடுத்து வைத்தால், பிள்ளை அதே படத்தை 2045இல் மறுபடி பார்க்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கக் கைவசம் சான்று இருக்கும்.